தவ்பா குன்று: மோசுலில் யூனுஸ் நபி பள்ளிவாசலுக்கு நேர்ந்தது

2014 ஜூலை 24, வியாழக்கிழமை. ரமலானின் கடைசிப் பத்து நாட்கள். வட இராக்கின் மோசுல் நகரம் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுத அமைப்பின் கைக்குப் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. டைக்ரிஸ் ஆற்றுக்குக் கிழக்கே ஒரு குன்றின் மேல் நின்ற யூனுஸ் நபி (விவிலியத்தில் யோனா) பள்ளிவாசலுக்குள் ஆயுதம் ஏந்தியவர்கள் நுழைந்து, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். இது தொழுகைக்கான இடமாக இல்லை, மார்க்கத்தை விட்டு விலகியவர்களின் இடமாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். கட்டடத்தைச் சுற்றி வெடிமருந்து வைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்தது என்று ஊர்க்காரர்கள் பிறகு சொன்னார்கள். அப்புறம் வெடித்தார்கள். கைப்பேசியில் எடுத்த காணொளிகள் அன்றே உலகம் முழுக்கப் போய்விட்டன. புகை விலகியபோது குன்றின் உச்சி மொட்டையாக இருந்தது.

அந்த மாதம் மோசுல் என்ற பெயர் நம் பக்கத்துச் செய்திகளிலும் அடிபட்டுக்கொண்டிருந்தது. திக்ரித் மருத்துவமனையில் சிக்கி, மோசுலுக்குக் கொண்டுபோகப்பட்ட 46 இந்தியச் செவிலியர்கள், பெரும்பாலும் மலையாளிகள், ஜூலை முதல் வாரத்தில்தான் விடுபட்டு ஊர் திரும்பியிருந்தார்கள். பள்ளிவாசல் தகர்ப்புச் செய்தி அந்த அளவுக்கு நிற்கவில்லை. யோனா தீர்க்கதரிசியின் கல்லறையைத் தகர்த்துவிட்டார்கள் என்று சுருக்கமாக வந்து போனது.

அந்தச் சுருக்கத்தில் எனக்கு இரண்டு உறுத்தல். அங்கே இருந்தது யோனாவின் கல்லறைதானா? தகர்ந்தது கல்லறை மட்டும்தானா? இந்த ஆய்வு அந்த இரண்டு கேள்வியையும் பிடித்துக்கொண்டு போகிறது.

சனகெரிப்பின் ஆயுதக் கிடங்கு

மோசுலின் பழைய நகரம் ஆற்றுக்கு மேற்கே. எதிர்க்கரையில் கிடப்பதுதான் நினிவே. சுமார் 12 கிலோமீட்டர் நீள மதிலுக்குள் இரண்டு பெரிய மேடுகள். நடுவே கோஸ்ர் என்ற சிற்றாறு ஓடுகிறது. வடக்கு மேடு குயுஞ்சிக். அசீரிய மன்னன் சனகெரிப்பின் மாபெரும் அரண்மனையும், அவன் பேரன் அசுர்பானிபாலின் களிமண் ஏட்டு நூலகமும் இருந்த இடம். தெற்கு மேடுதான் நம் நபி யூனுஸ் குன்று.

இந்தத் தெற்கு மேட்டில் இருந்தது இன்னொரு வகை அரண்மனை. படையைத் திரட்டவும், குதிரைகளையும் தேர்களையும் நிறுத்தவும், போரில் பிடித்த பொருளைச் சேர்த்துவைக்கவும் கட்டியது. சனகெரிப் கட்டியதை மகன் எசரத்தோன் விரித்துக் கட்டினான். விவிலியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருவருமே வருகிறார்கள். அதே அதிகாரத்தில் எத்தியோப்பிய ராஜா திராக்கா என்று ஒருவரும் வருகிறார். எகிப்தை ஆண்ட கூஷ் நாட்டு மன்னன் தஹார்க்கா அவர். எசரத்தோன் கி.மு. 671இல் எகிப்துக்குள் புகுந்து மெம்பிஸ் நகரைப் பிடித்தான். அங்கிருந்து அள்ளி வந்ததில் தஹார்க்காவின் சிலைகளும் உண்டு. 1954இல் இராக்கியத் தொல்லியலாளர்கள் இந்தக் குன்றின் ஓரத்தில் தோண்டியபோது, அரண்மனை வாசல் பக்கம் அந்தச் சிலைகளின் துண்டுகள் கிடைத்தன. தோற்ற மன்னனின் சிலையை வாசலில் நிறுத்தி, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நினிவேயை அழித்தார்கள். அரண்மனைகள் மண்மூடின.

ஐரோப்பியர் 1840களில் தோண்ட வந்தபோது குயுஞ்சிக் மேடு வெறும் புல்மேடாகக் கிடந்தது. ஆங்கிலேய ஆய்வாளர் ஆஸ்டின் ஹென்றி லேயார்டு அங்கே தோண்டினார். சுவர்ச் சிற்பங்கள் பெட்டி பெட்டியாக லண்டன் போய், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களில் இருக்கின்றன. தெற்கு மேட்டில் மட்டும் அவர் கை வைக்க முடியவில்லை. மேலே நபியின் தர்கா, சுற்றி ஊர், சரிவெல்லாம் கபுருஸ்தான், அதாவது இடுகாடு. தோண்டினால் ஊரே திரண்டுவிடும்.

லேயார்டு விடவில்லை. அந்த ஊர் வீட்டுக்காரர் ஒருவருக்குக் கோடைக்குக் குளுமையாக நிலவறை வேண்டும் என்று கேள்விப்பட்டார். மோசுலில் வெயில் காலத்தில் நிலத்தடி அறையில் படுப்பது பழைய வழக்கம். உனக்கு நான் செலவில்லாமல் தோண்டித் தருகிறேன், கிடைக்கும் பழம்பொருள் எனக்கு என்று ஆள் விட்டுப் பேசி ஒப்பந்தம் போட்டார். வீட்டுக்காரருக்கு நிலவறை கிடைத்தது. லேயார்டுக்கு எசரத்தோன் பெயர் பொறித்த செங்கல்லும் எழுத்துப் பலகைகளும் கிடைத்தன. ஆக, உள்ளே அரண்மனை இருக்கிறது என்பது 1850களிலேயே தெரிந்த சங்கதி. சில ஆண்டுகளில் மோசுலின் உதுமானிய ஆளுநர் ஹில்மி பாஷாவும் தோண்டிப் பார்த்தார். மனிதத் தலையும் இறக்கையும் கொண்ட கல் காளைகள் வெளிப்பட்டன.

குயுஞ்சிக்கின் செல்வம் இரண்டு கண்டங்களில் சிதறியபோது, இந்தக் குன்றின் அரண்மனை பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது என்றால், அதற்குக் காவல் நின்றது மேலே இருந்த அந்த தர்காதான். பின்னால் வரப்போகும் ஒரு விவாதத்துக்கு இது தேவைப்படும்.

கல்லறைக்கு முன் ஒரு குன்று

யூனுஸ் நபி கதை தெரியாத முஸ்லிம் வீடு கிடையாது. மக்கள் கேட்கவில்லை என்று கோபித்துக் கப்பலேறியவர், கடலில் எறியப்பட்டு மீன் வயிற்றுக்குள் போய், இருட்டுக்குள்ளிருந்து ‘லா இலாஹ இல்லா அன்த’ என்று தன் தவற்றை ஒப்புக்கொண்டவர். கரையில் துப்பப்பட்டவருக்கு நிழலாகச் சுரைக்கொடி முளைத்தது. கிறிஸ்தவர்களுக்கு அவர் யோனா. யூதர்களுக்கு அவர் புத்தகம் பாவநிவாரண நாளில் வாசிக்கப்படுவது.

மீன்தான் குழந்தைகளுக்குப் பிடித்த பகுதி. ஆனால் இந்தக் குன்று கதையின் இரண்டாம் பாதிக்குச் சொந்தம். எச்சரிக்கையைக் கேட்ட நினிவே மக்கள் மனம் திருந்தினார்கள். வரவிருந்த தண்டனை விலகியது. நம்பிக்கை கொண்டு தப்பித்த ஊர் யூனுஸின் மக்களுடையதைத் தவிர வேறு உண்டா என்று குர்ஆன் பத்தாம் அத்தியாயம் கேட்கிறது. அந்த அத்தியாயத்துக்குப் பெயரே யூனுஸ். தாயிஃபில் கல்லடி பட்டுத் திரும்பும் வழியில் நபிகள் நாயகத்துக்குத் திராட்சை கொண்டுவந்த அத்தாஸ் என்ற கிறிஸ்தவ அடிமை, தான் நினிவேக்காரன் என்றதும், நல்லடியார் யூனுஸின் ஊரா என்று நாயகம் கேட்டதாக அவர் வாழ்க்கை வரலாறான சீறாவில் வருகிறது.

சரி, கல்லறை? பத்தாம் நூற்றாண்டில் எழுதிய அல் முகத்தஸி இந்த மேட்டை ‘தல் தவ்பா’ என்கிறார். தவ்பா, அதாவது பாவமன்னிப்பு வேண்டி மனம் திருந்துதல், செய்த குன்று. ஹம்தானிய அரசர் நாசிர் அத்தவ்லாவின் மகள் ஜமீலா அதன் மேல் பள்ளிவாசலும் வழிபடுவோர் தங்க அறைகளும் கட்டி, வக்ஃபு (அறக்கொடைச் சொத்து) எழுதிவைத்ததையும் சொல்கிறார். ஏழு முறை இங்கே ஜியாரத் (புனிதத் தல தரிசனம்) செய்தால் ஒரு ஹஜ்ஜுக்குச் சமம் என்று ஊரார் நம்பியதும் அவர் குறிப்பில் உண்டு. 1184இல் அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் வந்தார். பல அறைகள் கொண்ட ஒரு தங்குமிடம், நடுவே திரை போட்ட ஓர் அறை, அதுதான் யூனுஸ் நபி நின்று வேண்டிய இடம் என்று எழுதுகிறார். கொஞ்சம் தள்ளி அவர் பெயரில் ஓர் ஊற்று. வெள்ளி இரவை அங்கேயே கழித்தார்.

கவனித்தால் தெரியும்: இவர்கள் சொல்வது நின்ற இடம், வேண்டிய இடம். புதைத்த இடம் என்று இல்லை.

இன்னொரு பக்கம் கிறிஸ்தவர்கள். இந்த மேட்டில் யோனா பெயரில் ஒரு மடாலயம் இருந்தது. கீழைத் திருச்சபையின் தலைவர், கத்தோலிக்கோஸ் முதலாம் ஹெனானிஷோ, கி.பி. 700ஐ ஒட்டி இறந்தபோது அந்த மடாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். 1349இல் அவர் கல்லறையைத் திறந்தபோது உடல் சிதையாமல், தூங்குபவர்போல இருந்ததாக ஒரு பழைய கிறிஸ்தவக் குறிப்பு சொல்கிறது. 1365இல் ஜலாலுத்தீன் இப்ராகீம் அல் குத்தனி பள்ளிவாசலைப் புதுப்பித்துக் கட்டுகிறார். அதன் பிறகுதான் யூனுஸ் நபியின் கபுரு (கல்லறை) என்ற பேச்சு உறுதிப்படுகிறது. 1393இல் மோசுலுக்கு வந்த தைமூர்கூட இங்கே ஜியாரத் செய்து, குப்பா (குவிமாடம்) எழுப்பப் பணம் கொடுத்ததாக வரலாறு.

தேதிகளை அடுத்தடுத்து வைத்தால் ஒரு சந்தேகம் வரும். நபியின் கபுரு என்று அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் போர்வை போர்த்தி வணங்கியது அந்தத் திருச்சபைத் தலைவரின் எலும்புகளையோ? ஆய்வாளர்களில் அப்படி நினைப்பவர்கள் உண்டு. நிரூபிக்க இப்போது வழியில்லை. உண்மை என்றால் எனக்கு அதில் கேலி ஒன்றும் தெரியவில்லை. ஒரு முஸ்லிம் ஊர் ஒரு கிறிஸ்தவத் துறவியை அவ்வளவு காலம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது என்றுதான் அர்த்தம்.

கிறிஸ்தவர்கள் குன்றை இழந்தாலும் கதையை இழக்கவில்லை. பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்னால், திங்கள் முதல் புதன் வரை, நினிவே மக்களை நினைத்து மூன்று நாள் நோன்பு பிடிப்பது சிரியாக் மரபுச் சபைகளின் வழக்கம். அந்த மரபு கடல் தாண்டி நம் பக்கத்துக்கும் வந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இதை ‘மூன்னு நோம்பு’ என்கிறார்கள். கோட்டயம் மாவட்டம் குறவிலங்காட்டு மாதா கோயிலில் அந்த நாட்களில் ஒரு பெரிய மரக்கப்பலைத் தோளில் தூக்கி, புயலில் சிக்கியதுபோல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு வருவார்கள். யோனா ஏறிய கப்பல் அது.

2014 வாக்கில் குன்றின் மேல் நின்ற கட்டடம் ஒரே காலத்தது இல்லை. 14ஆம் நூற்றாண்டு அடித்தளம், உதுமானியர் காலத்து மராமத்து, 1920களில் எழுந்த மினாரா, சதாம் காலத்து விரிவாக்கம் எல்லாம் ஒட்டிப் போட்டது. கபுரு அறைக்கு மேலே மடிப்பு மடிப்பான கூம்புக் கூரை. உள்ளே விரிப்புகள், எழுத்தணிகள். நபியை விழுங்கிய மீனுடையது என்று ஒரு பல்லையும் காட்டுவார்கள். மோசுல்காரர்களில் பெரும்பான்மை சுன்னிகள். பிள்ளை வேண்டி வருகிறவர்கள், நேர்ச்சை தீர்க்க வருகிறவர்கள், சாயங்காலம் குன்றில் ஏறி நகரத்தைப் பார்க்க வருகிறவர்கள் என்று நம்மூர் தர்கா எதிலும் பார்க்கும் கூட்டம்தான்.

ஏன் தகர்த்தார்கள்

கபுருகளை உயர்த்திக் கட்டக்கூடாது, அவற்றை முன்னிட்டுத் தொழக்கூடாது என்பதற்கு ஹதீஸ் ஆதாரம் காட்டுவது பழைய விவாதம். தர்காவுக்குப் போவது கூடுமா, ஷிர்க்கா (இறைவனுக்கு இணை வைப்பதா) என்று தமிழ்நாட்டில் தெருமுனைக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள், பள்ளிவாசல்கள் பிரிந்திருக்கின்றன, ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கம் நின்றிருக்கிறார்கள். பேச்சு பேச்சோடு இருக்கும்வரை அது மார்க்க விவாதம். ஐ.எஸ். அந்த விவாதத்தை எடுத்துக்கொண்டது உண்மை. அதை மட்டும் காரணமாக எழுதிவிட்டால் வழக்கு பாதிதான் புரியும்.

நாட்களைப் பாருங்கள். ஜூலை 4, மோசுலின் அல் நூரி பெரிய பள்ளிவாசல் மிம்பரில் (உரை மேடையில்) ஏறி ஐ.எஸ். தலைவர் அபூபக்கர் அல் பக்தாதி கலீஃபாவாகப் பேசுகிறார். ஜூலை 19, நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு விதித்த கெடு முடிகிறது. வீட்டுச் சுவர்களில் நஸாராவை (கிறிஸ்தவர்களை) குறிக்கும் ‘நூன்’ என்ற அரபு எழுத்தைப் பூசி, குடும்பம் குடும்பமாக விரட்டினார்கள். ஐந்தே நாளில் யூனுஸ் நபி. அடுத்த சில நாட்களுக்குள் ஷீத் நபி, ஜிர்ஜீஸ் நபி பெயரில் இருந்த தலங்களும் போயின. ஜிர்ஜீஸ் என்பவர் கிறிஸ்தவர்களின் ஜார்ஜ். ஷியா இமாம்களின் பெயரில் இருந்த நடுக்கால தர்காக்களும் அந்த வரிசையில் விழுந்தன. ஒரு நகரத்தில் பல மதத்தார் பொதுவாகப் போய் நின்ற இடங்களைத் தேடித் தேடி எடுத்தார்கள் என்பது இந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும். அல் நூரியின் சாய்ந்த மினாரா அல் ஹத்பாவுக்கும் வெடி வைக்க வந்தபோது ஊர்மக்கள் சூழ்ந்து நின்று தடுத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2017 ஜூன் 21 அன்று, தோற்று ஓடும் நேரத்தில் அதையும் வெடித்துவிட்டார்கள். அது அவர்களே கலீஃபா பட்டம் அறிவித்த பள்ளிவாசல். கபுரு வணக்கம் என்ற காரணம் அங்கே எங்கே போனது?

அப்புறம் காசு. ஐ.எஸ். நிர்வாகத்தில் ‘ரிகாஸ்’ என்று ஒரு துறை இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் செல்வம் எல்லாம் அதன் பொறுப்பு: எண்ணெயும் உண்டு, தொல்பொருளும் உண்டு. தோண்ட உரிமம் கொடுத்து, விற்றதில் ஐந்தில் ஒரு பங்கு வசூலித்தார்கள். 2015 மே மாதம் சிரியாவில் அமெரிக்கப் படை நடத்திய சோதனையில் ரசீதுகளே சிக்கின. 2015 பிப்ரவரியில் மோசுல் அருங்காட்சியகத்தில் சம்மட்டியால் சிலைகளை உடைத்துப் படம் எடுத்துப் போட்டவர்களும் இவர்கள்தான். தூக்க முடியாதது காணொளிக்கு, பைக்குள் அடங்குவது சந்தைக்கு.

குன்றுக்குள் எலிவளை

கிழக்கு மோசுலை மீட்கும் சண்டையில் இராக்கியப் படை 2017 ஜனவரி 16 அன்று இந்தக் குன்றைப் பிடித்தது. இடிபாட்டுக்கு அடியில் சுரங்கங்கள் கண்ணில் பட்டன. சரிவின் பல இடங்களிலிருந்து குடைந்து உள்ளே போயிருந்தார்கள். இராக்கியத் தொல்லியலாளர் லைலா சாலிஹ் உள்ளே இறங்கிப் பார்த்தார். மேலே எந்த நிமிடமும் சரியலாம் என்ற நிலை. சுரங்கச் சுவர்களில் அசீரியப் பளிங்குப் பலகைகள் நின்றன. ஒன்றில் எசரத்தோனின் பெயர். இன்னொன்றில் உயிர்நீர் தெளிக்கும் தேவதைப் பெண்கள், கல்லில் செதுக்கியபடியே. இறக்கைக் காளைகளின் பகுதிகளும் இருந்தன. கல்வெட்டுகளில் எசரத்தோன் தன்னை உலகத்தின் அரசன், அசீரியாவின் அரசன், எகிப்தையும் கூஷையும் ஆண்ட அரசர்களுக்கு அரசன் என்று வரிசையாகப் பீற்றிக்கொள்கிறான்.

உலகச் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. கெட்டதிலும் ஒரு நல்லது, அவர்கள் தகர்த்ததால்தான் அரண்மனை கிடைத்தது என்கிற தொனி. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

அரண்மனை இருப்பது லேயார்டு நிலவறை தோண்டியபோதே தெரியும் என்று முன்னமே பார்த்தோம். 1954இலும், 1980களின் கடைசியிலும் இராக்கியர்களே ஓரங்களில் முறையாகத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல அதிகமில்லை. போனதுதான் அதிகம். தொல்லியலில் ஒரு பொருளின் மதிப்பில் பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது: எந்தத் தளத்தின் மேல், எதற்குப் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில் என்பதில். எலிவளைபோலக் குடைந்து கையில் அகப்பட்டதைப் பறித்துக்கொண்டு போனவன் அந்தக் கணக்கை அழித்துவிடுகிறான். எடுத்துப்போனது எத்தனை, என்ன என்று பட்டியலும் இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு நடு அடுக்குகள். அசீரிய அரண்மனைக்கும் இருபதாம் நூற்றாண்டு மினாராவுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இருந்திருக்க வேண்டும்: யோனா மடாலயம், ஜமீலாவின் பள்ளிவாசல், இப்னு ஜுபைர் படுத்துறங்கிய தங்குமிடம். மடாலயம் எப்படிப் பள்ளிவாசலாக மாறியது, ஒரே நாளிலா, மெல்ல மெல்லவா, இரண்டும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய மண் அது ஒன்றுதான். வெடியும், குடைந்த சுரங்கமும் அதிகம் சேதப்படுத்தியது அந்த அடுக்கைத்தான். காளைச் சிலை படத்தில் நன்றாக விழுகிறது. ஒரு மடாலயத்தின் உடைந்த சுண்ணாம்புத் தரையை யார் படம் பிடிப்பார்கள்?

கிடைத்ததை ஒழுங்காகப் பதிவு செய்யும் வேலை அதன் பிறகு தொடங்கியது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகக் குழு 2018 முதல் இராக்கியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து இங்கே வேலை செய்கிறது. முதலில் சுரங்கங்களைத் தாங்கிப் பிடித்து, அளந்து, படம் எடுத்து, கல்வெட்டுகளைப் படிக்க வேண்டியிருந்தது. அப்புறம் மேலிருந்து அகழ்வு. அரியணை மண்டபப் பகுதி மெல்ல வெளிவந்து கொண்டிருக்கிறது.

மேலே என்ன கட்டுவது

மோசுலில் மற்ற இடங்கள் எழுந்துவிட்டன. ஐக்கிய அரபு அமீரகத்தின் பணத்தில் யுனெஸ்கோ அல் நூரி பள்ளிவாசலையும் அல் ஹத்பா மினாராவையும் மீண்டும் கட்டியது; மினாரா பழைய சாய்வோடேயே நிற்கிறது. 2025இல் திறந்தார்கள். அந்தப் பட்டியலில் யூனுஸ் நபி இல்லை. இங்கே கட்டினால் அரண்மனை மேல் கட்ட வேண்டும். தோண்டினால் பள்ளிவாசல் இருந்த இடத்தைத் தோண்ட வேண்டும்.

தொல்லியல்காரர்கள் குன்றைத் திறந்தே வைக்க நினைப்பது புரிகிறது. ஆனால் ஊர்க்காரர்கள் பக்கத்திலும் யோசிக்க வேண்டும். அவர்கள் சம்மதித்து இறக்கிய கட்டடம் இல்லை அது. வெடித்துப் பறித்த இடத்தில், சரி, இனி இது அருங்காட்சியகம் என்று சொன்னால், வெடித்தவன் தொடங்கியதை அரசு முடித்துவைப்பதுபோல அவர்களுக்குப் படும். அரண்மனையை அத்தனை நூற்றாண்டு காத்ததே அவர்களின் தர்கா என்ற நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், கபுரு இருந்த இடத்தில் ஒரு சின்னத் தொழுகை மண்டபம் போதும். அரியணை மண்டபம் உள்ள பகுதியை அகழ்வுக்கு விடலாம். மதமும் தொல்லியலும் ஒரே மேட்டில் இருக்க முடியாது என்று நினைக்க இந்த மேட்டின் வரலாற்றில் ஆதாரம் இல்லை. எதைக் கட்டினாலும் அந்தக் கூம்புக் கூரையை அச்சு அசலாகப் போட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வெள்ளையடித்துவிடக் கூடாது. தொழவும் வேண்டவும் அங்கே கபுரு இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஜமீலா கட்டியது தவ்பாவுக்கு ஓர் இடம்; இப்னு ஜுபைர் பார்த்தது திரை போட்ட ஒரு வெறும் அறை.